உப்புமாவும் ஓட்டமும்

கோமதி,

நீ மதுரைக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. போன வாரம் மாப்பிள்ளை ஓர் இன்லண்ட் லெட்டர் போட்டிருந்தார். நலம் விசாரித்து நாலு வரி, அப்புறம் ஒரே ஒரு கேள்வி. உனக்கு அந்த நோய் எப்படி ஆரம்பித்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தார். உன்னிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாயாம். அவருக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியதும், இதை உனக்கல்லவா எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. உன் உடம்புக்கு நடந்தது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் நான் என்ன நினைத்தேன், எங்கே தவறினேன் என்பதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடு. உன் மாமியாருக்கும் வாசித்துக் காட்டு.

உனக்கு ஏழு வயதில் எனக்கு மேலநீலிதநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. சங்கரன்கோவிலில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்க முடியும். உன் அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸ், பத்து மணிக்குப் போனால் போதும். ஆனாலும் அடுப்பு என்னுடையதுதானே. மாவு ஆட்ட நேரம் இல்லாத வாரங்களில் எனக்குக் கைகொடுத்தது ரவை உப்புமா. கால் மணி நேரத்தில் கிண்டி இறக்கி, உனக்கு ஒரு தட்டு, அப்பாவுக்கு ஒரு தட்டு, நான் நின்றபடியே நாலு வாய். நீ முகம் சுளிக்காமல் சாப்பிடுவாய். சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய் உட்கார்ந்தால் உனக்கு ஒன்றும் செய்யாது. சாயங்காலம் மைதானத்தில் இருட்டும் வரை ஓடுவாய், அப்போதும் ஒன்றும் செய்யாது. மத்தியானம் சாப்பிட்டது சோறு. இதில்தான் விஷயம் இருந்தது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

முதல் தடவை நீ எட்டாம் வகுப்பு. அன்று முதல் பீரியடே ட்ரில். நாலு சுற்று ஓடிவிட்டு வந்த உனக்கு உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பிவிட்டது. சாயங்காலம் நான் வந்தபோது பாதி அடங்கியிருந்தது. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டேன். மறுநாள் காலையில் தோல் பழையபடி வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. அம்மன் காப்பாற்றினாள் என்று நினைத்து, அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நீயும் நானும் கோயிலை நூற்றொரு சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டேன்.

அந்தச் சுற்றுதான் இரண்டாவது தடவை. வெறும் வயிற்றோடு நூற்றொரு சுற்று முடியாதே என்று காலையில் உனக்கு வயிறு நிறைய உப்புமா கொடுத்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்துக்குள் எல்லோரும் வேக வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முப்பது சுற்று தாண்டியிருக்கும். நீ என் சேலையைப் பிடித்து இழுத்தாய்.

"அம்மா, உள்ளங்கை அரிக்கி. தலை சுத்துது. கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."

நான் உன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "சாமி காரியத்துல சாக்குச் சொல்லாதட்டி. நட" என்றேன். கோமதி, நான் டீச்சர். வயிற்றுவலி, தலைவலி, காலில் முள் என்று பிள்ளைகள் சொல்லும் சாக்கையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவள். எந்தப் பிள்ளை பொய் சொல்லுகிறது என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடு உன் கையைப் பிடித்து இன்னும் நாலு சுற்று இழுத்துக்கொண்டு போனேன். ஐந்தாவது சுற்றில் நீ மதில் ஓரமாக வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தாய். கண் இரண்டும் வீங்கியிருந்தது. கூட்டம், வெயில், பித்தம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாய். மிச்சச் சுற்றை நான் ஒருத்தியே சுற்றி முடித்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியில் நீ என்னோடு பேசவில்லை. அதையும் நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவையை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் மாப்பிள்ளை கேட்டது அதைத்தான். நீ பத்தாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிற நாள், காலை ஒன்பதரைக்கு எண்ணூறு மீட்டர். நீ அடுப்படிக்கு வந்து, "அம்மா, எனக்கு இன்னைக்கு ஒன்னும் வேண்டாம். சாப்பிட்டுட்டு ஓடுனா ஒரு மாதிரி வருது" என்றாய். உனக்கே தெரியாமல் நீ உண்மையைக் கண்டுபிடித்திருந்தாய். நான் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே, "வெறும் வயித்துல ஓடி விழுந்து கிடக்கவா? தட்டக் காலி பண்ணிட்டுத்தான் வாசல தாண்டணும்" என்றேன். நீ கடைசி வாய் வரை தின்று, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய்.

பத்தே முக்கால் மணி இருக்கும். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி நேரே வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். "டீச்சர், ஒங்க மக மைதானத்துல விழுந்துட்டாளாம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. பாம்பு தீண்டிட்டுன்னு பேசிக்கிடுதாங்க." செருப்பு போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. எதிர்ப்பக்கத்து பஸ் வந்ததும் தலைமையாசிரியரே கை காட்டி நிறுத்தி, டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் திரும்பி பஸ்ஸுக்குள் பார்த்து, "நடுவுல எறங்குதவங்க யாரும் இருக்கியளா?" என்று கேட்டார். மடியில் கோழிக் கூடையோடு ஓர் அம்மாள் இருந்தாள். "நான்தான் எறங்கணும். எனக்குத் திரும்பி நடக்கத் தெரியும்லா. நீ எங்கனயும் நிறுத்தாத, ஓட்டு வே" என்றாள். அந்த பஸ் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. அந்த அம்மாளின் பேரைக்கூட நான் கேட்கவில்லை, கோமதி. இறங்கும்போது கும்பிடக்கூட இல்லை.

உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எப்படி என்று பிறகுதான் தெரிந்தது. நீ விழுந்ததும் உன் ட்ரில் டீச்சர் ரோட்டுக்கு ஓடி, கையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறார். பூ மார்க்கெட்டில் கூடைகளை ஏற்றிக்கொண்டு கடையநல்லூருக்குக் கிளம்பிய ஒரு பாயின் வேன் வந்திருக்கிறது. உள்ளே இடம் இல்லை. அவர் ஒரு வார்த்தை கேட்காமல் பிச்சிப்பூக் கூடைகளை ரோட்டு ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு கூடைப் பூவைச் சாக்கோடு விரித்து அதன்மேல் உன்னைப் படுக்கவைத்திருக்கிறார். பத்து நாள் கழித்து நானும் அப்பாவும் மார்க்கெட்டில் அவரைத் தேடிப்பிடித்து, வீணான பூவுக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கும் ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்கு டீச்சர். அல்லா ஒங்க மகளத் திருப்பிக் குடுத்துட்டான். வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் வாழ்க.

ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது உன் முகம் என் மகளின் முகமாக இல்லை. உதடு, கண், காது எல்லாம் வீங்கி, குரல் தகரத்தில் கீறினதுபோல் இருந்தது. ஆனால் மூச்சு இருந்தது. புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவர் உன் கட்டிலை விட்டு நகராமல் நின்றார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மீசைகூடச் சரியாக வளராத வயது. "பாம்பும் இல்லை, பூச்சியும் இல்லைம்மா. கடிவாய் எங்கேயும் இல்லை. கொண்டாந்தப்போ நாடி கிடைக்கலை, தொண்டை அடைச்சுட்டிருந்தது. அட்ரினலின் ஊசி போட்டோம். இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு, "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ அந்தக் கீறின குரலில் சொன்னாய்: "ரெண்டு தடவை சார். அம்மாகிட்ட சொன்னேன்."

நீ என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், அவ்வளவுதான். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். என் வகுப்பில் இன்றைக்கும் எந்தப் பிள்ளை முடியவில்லை என்றாலும் முதலில் உட்காரச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் என்னை ஏமாற்றுகிறார்கள், தெரிகிறது. ஏமாற்றட்டும்.

அந்த டாக்டர் உன்னை எழுப்பி உட்காரவைத்ததோடு விட்டிருந்தால் அவரை யார் குறை சொல்லப்போகிறார்கள்? அவர் விடவில்லை. என்னை ஒரு நோட்டுப் போட்டு, நீ தின்றது, குடித்தது, ஓடியது, நடந்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் சொன்னார். படுக்கையில் இருந்தபோது மூன்றாம் நாள் நீ உப்புமா சாப்பிட்டாய். ஒன்றும் இல்லை. அதனால் உப்புமா மேல் இருந்த சந்தேகம் போயிற்று. பிறகு ஒருநாள் இட்லி சாப்பிட்டுவிட்டு, அவர் பார்த்திருக்க ஆஸ்பத்திரி வளாகத்தில் மெதுவாக ஓடினாய். ஒன்றும் இல்லை. ஓட்டத்தின் மேல் இருந்த சந்தேகமும் போயிற்று. அவர் குழம்பிப்போய், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. நம் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சில பேருக்கு ஒரு சாப்பாடு தனியா ஒன்னும் செய்யாதாம். ஓட்டமும் தனியா ஒன்னும் செய்யாதாம். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள்ள ஓடினா, ரெண்டும் சேர்ந்து ஆளையே சாய்ச்சுடுமாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள்ல இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க. கோதுமைன்னு ஒரு சந்தேகம் சொல்றார். டீச்சர், வீட்ல கோதுமை உண்டா?"

"எங்க வீட்ல சோறுதான் சார். சப்பாத்தியெல்லாம் எப்பவாவதுதான்."

"அன்னிக்குக் காலைல என்ன?"

"உப்புமா."

"எதுல?"

"ரவைல."

அவர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "ரவை எதுலேருந்து வருது டீச்சர்?" என்றார்.

எதிலிருந்து எது கிடைக்கிறது என்று வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கோதுமையிலிருந்து ரவை, மைதா என்று நானே ராகம் போட்டுப் படிக்கவைத்திருக்கிறேன். என் கையால் கிண்டி, என் வாயால் அதட்டி உனக்குக் கொடுத்ததைத்தான் அவர் கேட்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று நாட்களிலும் காலை உப்புமா, உடனே ஓட்டமோ வேக நடையோ. "சோதிச்சுப் பார்த்து நிரூபிக்கப் போறதில்லை. உயிரோட விளையாட முடியாது. கோதுமையை விட்டுடணும்" என்றார் டாக்டர்.

அப்பா பயந்துபோய், "இனி ஓடவே கூடாதுல்ல சார்?" என்று கேட்டார். நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். நீ எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாய்: "உப்புமாவ விடச் சொல்லுங்க, விடுதேன். பரோட்டா, அல்வா எல்லாத்தையும் விடுதேன். ஓட்டத்த விடச் சொல்லாதீங்கப்பா." டாக்டர் சிரித்துவிட்டு உன் பக்கம் சேர்ந்துகொண்டார். மூன்று மாதம் பொறுத்து, வெறும் வயிற்றோடோ இட்லியோடோ, கூட ஓர் ஆளோடு ஓடலாம் என்றார். தெரியாமல் கோதுமை தின்றுவிட்டால் நாலு மணி நேரம் ஓட்டமும் கிடையாது, வேக நடையும் கிடையாது என்றார். அட்ரினலின் மருந்தையும் கண்ணாடி ஊசியையும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்து, கத்தரிக்காயில் குத்திக் குத்தி எனக்கு ஊசி போடவும் பழக்கினார். ஆபத்தான நேரத்தில் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும், ஊசியோடு நின்றுவிடக் கூடாது என்று பத்து தடவை சொன்னார். மாப்பிள்ளைக்கு இதைக் கட்டாயம் ஓர் ஆஸ்பத்திரியில் முறையாகப் பழகிக்கொள்ளச் சொல். அடுத்த வருஷமே டாக்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கே இருந்தாலும் அவர் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவு பட்ட பிறகும் நான் ஒரு தப்புச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்று, "இதப் பத்தி மூச்சு விடாத. வலிப்புன்னு ஊர் கதை கட்டிரும்" என்று உன்னிடம் சொன்னேன். வழக்கத்தை விட முடியாமல் கேசரியும் செய்தேன். உன் மாமியார் ஆசையாக உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து உன் வாயில் ஒரு கரண்டி ஊட்டிவிட்டார். நீ விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாய். அடுத்த நிமிஷமே அவர், "வாம்மா, ரயிலுக்கு நேரம் இருக்கு. ஒரு எட்டு அம்மன் சன்னதிக்குப் போயிட்டு வந்துருவோம்" என்று எழுந்தார். நீ எழுந்திருக்கவில்லை.

நான் முந்திக்கொண்டு, "அவளுக்குக் கால்ல சுளுக்கு" என்றேன்.

"இல்ல அத்தை, சுளுக்கு இல்ல" என்றாய் நீ. "கோதுமை சாப்பிட்டா நாலு மணி நேரம் நான் வேகமா நடக்கக் கூடாது. நடந்தா உயிருக்கே ஆபத்து. அம்மா பயந்துபோய் மறைக்காங்க."

அவர்களோடு வந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளை மட்டும் உன்னைப் பார்த்து, "மத்த நேரத்துல ஓடலாமா?" என்று கேட்டார். "கோதுமை தொடாத அன்னைக்கு ஒங்கள விட வேகமா ஓடுவேன்" என்றாய். அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கடிதம் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் தனியாக ரயிலேறி வந்து நம் வாசலில் நின்றார். நேரே அடுப்படிக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்து, "எதுல எதுல கோதுமை இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மனசுல ஏத்திக்கிறேன்" என்றார். ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், பன் என்று நான் சொல்லச் சொல்ல விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். "எனக்கும் ஒரு சீக்கை மறைச்சுத்தான் கட்டிவச்சாங்க. என் வீட்டுக்காரரு குடிக்கிற மனுஷன், அதுதான் அந்தச் சீக்கு. அதனால ரெண்டு மாசம் யோசிச்சேன். நீங்க மறைச்சீங்க. உங்க பொண்ணு மறைக்கலை. நான் பொண்ணுக்காகத்தான் வந்திருக்கேன்." எனக்கு வலித்தது. ஆனால் அதைவிட நல்ல சொல்லை நான் இதுவரை யாரிடமும் வாங்கியதில்லை.

கல்யாணம் முடிந்து நீ கிளம்பிய நாளில் நான் பார்த்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஸ்டேஷன் ரோட்டில் உன் அப்பாவின் தங்கை தன் வீட்டில் உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பால் பழத்தோடு தேங்காய்ப் பர்பி கொடுத்தாள். நீ ஒரு துண்டைத் தின்று முடித்த பிறகுதான், "கொஞ்சம் ரவை சேத்தாத்தான் கட்டி நிக்கும்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதால் எனக்கு இது தெரியாது. வண்டி வந்து நின்றுவிட்டது. கல்யாணக் கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடி ஏறியது. நீங்கள் இருவரும் தூரத்தில் வருவது தெரிந்தது. "ஏட்டி, ஓடி வா!" என்று என் வாய் தானாகக் கத்தியது. நீ கையைத் தூக்கி மெதுவாக ஆட்டினாய். எனக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டு, உன் நடைக்கு நடை வைத்து வந்தார். கார்டு விசில் ஊதினார். ஜன்னலில் இருந்து அத்தனை பேரும் அவர் பேரைச் சொல்லிக் கூவினார்கள். அவர் நடையை மாற்றவில்லை.

வண்டி போய்விட்டது. முதல் பயணமே தவறிவிட்டதே, சகுனம் சரியில்லையே என்று பிளாட்பாரத்தில் நின்ற நம் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பஸ்ஸிலாவது போங்கள் என்றார் அப்பா. "பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கணுமே மாமா. சாயங்கால வண்டிக்கு உக்காந்திருக்கோம்" என்று மாப்பிள்ளை உனக்குப் பெஞ்சைத் துடைத்துவிட்டார். நீங்கள் இருவரும் அந்த நாலு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்ற நாளில் இருந்து நான் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

உன் அம்மா